உம்முடைய எண்ணெயும் என்னுடைய வடிகஞ்சியும்

இன்று காலை, நம் பிள்ளைகள் வாடகைக்கு விடுகிற, குற்றாலத்திலிருந்து திரும்பி வந்த வண்டிக்கு அடியில் குனிந்து கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திருகினேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் வாசம் வந்தது. நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்து, வெயிலில் ஊறி, லேசாகப் புளித்த வாசம். யாரோ ஒரு மகராசன் வண்டிக்குள்ளேயே எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார். ஆறும் அருவியும் ஓடுகிற ஊருக்குப் போய் வண்டிக்குள் வாளித் தண்ணீரில் குளிக்கிற ஆள் உலகத்தில் நீர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன் சம்பந்தி. அப்படி இல்லையாம். உமக்கு வாரிசு இருக்கிறது.

மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. உம்மை நினைத்தால் எனக்கு இந்த வரிசையில்தான் வருகிறது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சொன்ன மனிதர் அடுத்த வாய் குடிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், மிச்சம் இருக்கிறவன் யாரிடம் சண்டை போடுவது? அந்த ஏற்பாடு எதையும் செய்யாமல் போய்விட்டீர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உமக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் முதலிலிருந்துதான் வருகிறது. நீர் திசையன்விளையில் பலசரக்கு மொத்தக்கடை வைத்திருந்தவர், ஊருக்கே அண்ணாச்சி. நான் பாளையங்கோட்டையில் தபால் அலுவலக எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உம் மகன் ஜெபராஜுக்கு என் மகள் ஷீலாவைக் கொடுத்தோம். கொடுத்த நாளிலிருந்து நீர் என்னை "வாங்க சம்பந்தி" என்றீர், நான் உம்மை "சொல்லுங்க சம்பந்தி" என்றேன். நீர் மாப்பிள்ளையின் தகப்பனார். உம் வீட்டுக் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் பிரமாதம் என்று சொல்ல வேண்டியது என் கடமை. நீரும் சளைத்தவர் இல்லை. என் வீட்டு முறுக்கு, பல்லை உடைக்கும் முறுக்கு, அதை மென்று விழுங்கிவிட்டு "நல்ல மொறுமொறுப்பு" என்றீர்.

பிள்ளைகள் பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு பழைய வேனை வாங்கினார்கள். அதற்குள் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குளியலறை, எல்லாம் வைத்து ஓடுகிற வீடாக மாற்றினார்கள். பாபநாசம், மணிமுத்தாறு, குற்றாலம் என்று குடும்பமாகப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். வேலை இழுத்துக்கொண்டே போனது. ஜெபராஜ் வெறுத்துவிட்டான். "முதல் பயணம் மட்டும் சொதப்பிச்சுன்னா நான் பெங்களூருக்கே போயிருவேன்" என்றான். "நீ போ. நான் வரமாட்டேன்" என்றாள் என் மகள். அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. ஷீலா அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள். உம் வீட்டிலும் சேதி வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உமக்குத் தெரியும். ஆனாலும் நாம் சந்தித்தபோது மழையைப் பற்றித்தான் பேசினோம்.

முதல் பயணத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திங்கட்கிழமை வருவதாக இருந்தது. நடக்க முடியாத தங்கள் தகப்பனாரைத் தாமிரபரணிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஓட்டல் படியெல்லாம் ஏற முடியாது, உங்கள் வண்டிதான் வசதி என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால் வண்டிக்கு வெள்ளோட்டம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. நம் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும், "ஒரு குளியலறைக்குள்ள நாலு பேரா? நாங்க வரல" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் நீர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

கிளம்பும் முன் ஷீலா நம் இருவரையும் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாடம் எடுத்தாள். "அப்பா, மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. பாத்திரம் கழுவுற தண்ணி, குளிக்கிற தண்ணி ரெண்டும் வண்டிக்கு அடியில ஒரே டேங்க்லதான் போய் விழும். எண்ணெப் பாத்திரத்தைப் பேப்பர் வச்சுத் துடைச்சுட்டுத்தான் கழுவணும். வடிகஞ்சி ஊத்தக்கூடாது. அடைச்சுக்கிட்டா எடுக்க முடியாது." நாம் இரண்டு பேரும் கோயிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரி தலையாட்டினோம்.

கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரைத் தோப்பில் வண்டியை நிறுத்தியதும் நீர் செய்த முதல் காரியம், ஆட்டுக்கறி வாங்கி வந்தது. தேங்காய் எண்ணெயில் மிளகு போட்டு வறுத்தீர். உம் கைப்பக்குவத்துக்கு இன்றைக்கும் ஒரு குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அந்த வாணலியை, கொழுப்பு மினுங்க மினுங்க, அப்படியே பாத்திரத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தீர். பேப்பர் பக்கத்திலேயேதான் இருந்தது. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் "துடைச்சிட்டுக் கழுவுங்க" என்று எப்படிச் சொல்ல? "விடுங்க சம்பந்தி, நான் கழுவுதேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "சேச்சே, நீங்க போய்..." என்று என்னைத் தள்ளிவிட்டு நீரே கழுவினீர்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காத உடம்பு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு லாயக்கில்லை என்பது உம் கட்சி. ஆற்றில் குளித்திருக்கலாம். "ஆத்துல எண்ணெயும் சீயக்காயும் போடுறது பாவம்" என்று வண்டிக்குள் போனீர். அது நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய், அதற்கு மேல் சீயக்காய், அதற்கும் மேல் பயத்தமாவு. உள்ளே நீர் தொடையைத் தட்டித் தட்டித் தேய்க்கிற சத்தம் வெளியே கேட்டது. நான் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, ஆண்டவரே, அந்தத் தொட்டி இதைத் தாங்கட்டும் என்று ஜெபித்தேன்.

என்னை மட்டும் யோக்கியன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. குக்கர் சோறு எனக்கு இறங்காது. பானையில் வேகவைத்து வடித்தால்தான் சோறு. வடித்தேன், கொழகொழவென்ற கஞ்சியைப் பாத்திரத் தொட்டியில் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் நீர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே நிற்கிறீர். உம் வாய் திறந்தது. பிறகு மூடியது. "சம்பந்தி சோறு வடிக்கிறதே ஒரு அழகு" என்றீர். பெண்ணின் தகப்பனாரைக் குறை சொன்னால் மருமகள் மனம் வருத்தப்படும் என்று நினைத்தீராம். பின்னால் நீரே சொன்னது இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி கட்டி, பக்கத்தில் கோயில் எங்கே என்று விசாரித்து வைத்துவிட்டு, நான் முகம் கழுவினேன். தண்ணீர் இறங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது குளியலறைத் தரையில் இருக்கிற ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. அதன் மேல் ஏடு. கிண்டிவிட்டால் களி. ஆட்டுக்கொழுப்பு, எண்ணெய், சீயக்காய், பயத்தமாவு, என் கஞ்சி எல்லாம் சேர்ந்து தொட்டிக்குள் கல்யாணம் பண்ணியிருந்தன. நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம்.

சரியாக அந்த நேரத்தில் ஷீலா போன் செய்தாள். "அப்பா, தண்ணியெல்லாம் ஒழுங்காப் போகுதா?" சொல்ல வேண்டாம் என்று நீர் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக்கொண்டு நின்றீர். "நல்லாப் போகுதும்மா" என்றேன். "தேங்க்ஸ்ப்பா. நாளைக்கு மட்டும் நல்லபடியா முடிஞ்சா போதும்ப்பா" என்றாள். போனை வைத்த பிறகு நாம் இருவரும் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாளைக் காலையில் சென்னைக்காரர்கள் வருவார்கள். கதவைத் திறந்தால் இந்த நாற்றம். உம் மகன் பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போவான், என் மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு சோலியும் இல்ல. ஆசிட் வாங்கி ஊத்துவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினீர். அப்போதுதான் எனக்குள் என்னவோ அறுந்துபோனது.

"ஊத்தக்கூடாது!" என்று கத்தினேன். "ரப்பர் வாஷர் பூரா வெந்து போயிரும். டேங்கே ஒழுகும். ஏற்கெனவே செஞ்சது போதாதா?"

"நான் என்ன செஞ்சேன்?"

"என்ன செஞ்சீங்களா? ஆடு ஒண்ணை உருக்கி ஊத்திட்டு, அதுக்கு மேல எண்ணெக் குளியலு! பேப்பர் எதுக்கு வச்சிருக்கா எம் மக, நாக்கு வழிக்கவா?"

உம் முகம் சிவந்தது. உம்மிடம் அப்படிப் பேசின ஆள் திசையன்விளையில் கிடையாது. "ஓஹோ! உம்ம கஞ்சி மட்டும் பன்னீரோ? சோத்த வடிச்சு வடிச்சு ஊத்தினது யாரு வே? நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்!"

"பாத்தீருல்லா? வாயத் தொறந்து சொல்லுறதுக்கு என்ன வே?"

"நீரு சொன்னீரா? நீரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு!"

திறந்திருந்த வண்டிக் கதவு வழியாகத் தோப்புக்காரர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். வெள்ளை வேட்டி கட்டிய இரண்டு கிழவர்கள், கணுக்கால் வரை கழிவுநீரில், ஒருவரை ஒருவர் மரியாதையை விட்டு வே என்று விளித்துக் கத்திக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். நீர்தான் முதலில் சிரித்தீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். நான் உம் மேல் சாய்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும், "கோயிலுக்கு நேரமாச்சே" என்றேன். "சவத்த விடும் வே. ஆண்டவருக்கு நம்மளத் தெரியும். டேங்கைப் பாப்போம்" என்றீர்.

அன்றைக்குச் செய்த வேலையை இப்போது நினைத்தாலும் முதுகு வலிக்கிறது. பாத்திரத் தொட்டிக்கு அடியில் இருக்கிற வளைந்த குழாயைக் கழற்றினோம். உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஈர்க்குச்சி விட்டு நோண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசினேன். அடியில் இருக்கிற வால்வைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. நீர் மல்லாக்கப் படுத்து, விரலை விட்டுக் கட்டி கட்டியாகத் தோண்டி வாளியில் போட்டீர். முதல் வாளியை நான் சரிவில் கொட்டப் போனேன். "ஏ, அங்கன ஊத்தாதீரும்! ஆத்துக்குப் போயிரும்வே! கீழ ஏரல் ஊர்ல என் தங்கச்சி இந்தத் தண்ணியத்தான் குடிக்கா" என்று அடியில் கிடந்தபடியே அலறினீர். தோப்புக்காரரிடம் கேட்டு, தென்னைகளுக்கு எட்டாத மூலையில் குழி வெட்டி, அதில் கொட்டி மூடினோம்.

தொட்டி காலியானது. ஆனால் உள்சுவரில் அப்பியிருந்தது விரலுக்கு எட்டவில்லை. நீர் வண்டியடியில் படுத்துக்கிடந்தவர் திடீரென்று எழுந்து உட்காரப் பார்த்து, தலையில் இடித்துக்கொண்டீர்.

"ஏ யப்பா! வே, எங்க கடையில எண்ணெ பேரல் எப்படிக் கழுவுவோம் தெரியுமா? சுடுதண்ணியும் சலவை சோடாவும் போட்டு, மூடிய இறுக்கி, முத்தத்துல அங்கனயும் இங்கனயும் உருட்டுவோம். பளபளன்னு ஆயிரும்."

"பேரலை உருட்டலாம். வண்டியை எப்படி வே உருட்ட?"

"ஓட்டுறதுக்குத்தான வே வண்டி!"

டீக்கடை அம்மாவிடம் கெஞ்சி, அவர்கள் பாய்லரிலிருந்து கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் வாங்கிச் சுமந்தோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் குழாய் வளைந்துவிடும் என்று நான் சொன்னேன், நீர் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசாமல் கேட்டீர். தொட்டியில் பாதிக்குச் சுடுதண்ணீர், அதில் சலவை சோடா, பாத்திரம் கழுவுகிற சோப்பு நீர். முழுக்க நிரப்பினால் அலம்பாது, பாதி இருந்தால்தான் அடித்துப் புரளும் என்று நீர் சொன்னீர். சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த சாலையைத் தேடிப் பிடித்துப் போனோம். மற்ற வண்டிகளெல்லாம் பள்ளத்தை விட்டு ஒதுங்க, நாம் மட்டும் பள்ளம் பார்த்து இறக்கினோம். "பைய போங்க" என்று சொல்லும் என் வாயால் "அந்தா, அங்கன ஒரு பெரிய குழி இருக்கு, அதுல விடும்" என்று சொன்னேன். அடியில் தண்ணீர் தளும்பித் தளும்பி மோதுகிற சத்தம் கேட்கக் கேட்க நீர் கைகொட்டினீர். "ஸ்டியரிங்கப் பிடியும்வே!" என்று நான் கத்தினேன்.

மதியத்துக்கு மேல் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்து, பின்புறத்துச் சாக்கடைத் தொட்டியில் குழாயைச் செருகி வால்வைத் திறந்தோம். ஒரே பாய்ச்சல். பழுப்பாக, நுரையாக, கட்டி கட்டியாகக் கொட்டியது. மறுபடியும் சுடுதண்ணீர், சோடா, தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம், மறுபடியும் திறப்பு. வருகிற தண்ணீர் தெளியும்வரை செய்தோம்.

வண்டியை எடுத்துப்போகப் பிள்ளைகள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். முற்றமெல்லாம் நுரை. நாம் இருவரும் முழங்கை வரை பிசுக்கு. ஜெபராஜ் ஒரு நொடியில் புரிந்துகொண்டான். என்னைப் பார்த்தான், என்னை ஒன்றும் சொல்ல முடியாதே, ஷீலா பக்கம் திரும்பினான். "உங்கப்பாட்ட ஒழுங்காச் சொன்னியா நீ? நாளைக்கு ஆள் வருது, இப்பப் போய்... இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னு நான் அப்பமே சொன்னேன்." என் மகளின் முகம் சுருங்கியது. நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நீர் எழுந்தீர். "ஏலே" என்றீர். ஒரே சொல், தெருமுனை வரை கேட்டிருக்கும். "எண்ணெ தேச்சிக் குளிச்சவன் நான். கறிச்சட்டியக் கழுவினவன் நான். அவ தெளிவாத்தான் சொன்னா, நான்தான் கேக்கல. என்னய ஏசணும்னா ஏசு. அந்தப் பிள்ளையச் சொன்ன, பல்லத் தட்டிருவேன். காலையிலேர்ந்து கோயிலுக்குக்கூடப் போகாம நாங்க இதுக்குள்ள கெடந்து உருளுதோம், நீ என்னன்னா பெங்களூர் பெங்களூருங்க. போயி ஒரு துணிய எடுத்துட்டு வா, உள்ள தொடைக்கணும்."

மாப்பிள்ளையின் தகப்பனார், மருமகள் முன்னால், அவள் வீட்டு முற்றத்தில் நின்று தன் தப்பைச் சொன்னதை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. ஷீலா அழுதுவிட்டாள். ஜெபராஜ் துணி எடுக்க உள்ளே போனான். நான்கு பேருமாகத் துடைத்தோம். திங்கட்கிழமை சென்னைக்காரர்கள் வந்தார்கள், அந்தப் பெரியவரைப் பாபநாசத்துக் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீரைக் காட்டிவிட்டு வந்தார்கள். வண்டியைப் பற்றி அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. பெங்களூர்ப் பேச்சு அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு நாம் மழையைப் பற்றிப் பேசவே இல்லை. உம் சர்க்கரை, என் மூலநோய், நம் பெண்டாட்டிகள், வராத தூக்கம் எல்லாவற்றையும் பேசினோம். மாதம் ஒருமுறை நீர் திசையன்விளையிலிருந்து பஸ் ஏறி வருவீர். தொட்டியில் சுடுதண்ணீரும் சோடாவும் ஊற்றி, நாம் இருவரும் ஒரு மோசமான சாலையாகத் தேடிப் போவோம். வேலை அரை நாள், பேச்சு முழு நாள். இப்போது நானே ஓட்டிக்கொண்டு தனியாகப் போகிறேன். குழி வந்தால் சொல்ல ஆளில்லை. நீர் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது சம்பந்தி. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீர் போனதிலிருந்து ஜெபராஜ் யாரோடும் பேசுவதில்லை. உம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவன், என் வீட்டு முற்றத்தில் நிற்கிற வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். ஷீலா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வருகிறாள். "மறுபடியும் பெங்களூர் போறேங்காருப்பா. என்கிட்ட ஒண்ணும் கேக்கவே இல்ல, முடிவு பண்ணிட்டாரு" என்றாள். எல்லோரும் அவனிடம் பூப்போலப் பேசுகிறார்கள். பாஸ்டர் வந்து மெதுவாக ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். என் மனைவி அவன் காதில் விழக்கூடாது என்று பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறாள். நானும் மாப்பிள்ளை ஆயிற்றே என்று ஒதுங்கித்தான் இருந்தேன்.

ஒருநாள், ஷீலா வைத்த சாப்பாட்டை அவன் தொடாமல் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். என் மகள் குனிந்து தட்டை எடுத்தாள். நான் போய் வண்டிக் கதவை இழுத்துத் திறந்தேன். "ஏலே, கூறுகெட்ட மூதி!" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "எந்திலே! எம் மக எத்தன நாளுலே தட்டத் தூக்கிட்டு அலைவா? அப்பா போனா அழுலே, சத்தம் போட்டு அழு. இப்படி வாயப் பொத்திக்கிட்டு உக்காந்தா நாங்க என்னத்தலே கண்டோம்?"

வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி "ஐயோ, மாப்பிள்ளையைப் போயி..." என்று ஓடி வந்தாள். ஜெபராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா போனதுக்கப்புறம் என்னைய யாருமே ஏசல மாமா" என்றான். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து, தேம்பித் தேம்பி அழுதான். ஷீலா வந்து அவன் முதுகைத் தடவினாள். அழுது முடித்துச் சாப்பிட்டான். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

வண்டியோடு குற்றாலம் போனவன் நேற்று அங்கிருந்து போன் செய்து, "மாமா, நாளைக்கு எதுக்காவது என்னைய ஏசுங்க" என்கிறான். ஏசுகிறேன் வே. எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, உம்மைப் போலத் தெருமுனை வரை கேட்கவில்லை. ஆனால் விடாமல் ஏசுகிறேன்.